இரைச்சலுக்கு நான் விற்ற பெட்டி

முப்பத்தாறு வருடம் தஞ்சாவூரில் ஒரே கடையில், பதினோரு மாதம் தவிர ஒரே மாடியில் நின்று ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் விற்றேன். அந்த மாடிக்குப் பத்தொன்பது படிகள். ஏறி வந்து மூச்சு வாங்க நின்ற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கட்டத்தில் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இவ்வளவு விலை கொடுத்தால் அவ்வளவு வித்தியாசம் காதுக்குத் தெரியுமா?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொல்ல வேண்டிய பதிலைப் பயிற்சியிலேயே உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். எனக்கோ ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆன பிறகும் அந்தக் கேள்வியை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அதற்குக் காரணமான ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்கிறேன். இதில் தவறு பெரும்பாலும் என் பக்கம்தான்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால், கூட வேலை பார்த்தவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினேன். அவர் சாமான்களை மாற்றி மாற்றிப் போட, எது ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டும். பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கரையும் அறுபதாயிரம் ரூபாய் ஸ்பீக்கரையும் இருபது தடவை மாற்றினார். இருபதும் சரியாகச் சொன்னேன். அறுபதாயிரத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் பதினைந்து. எழுபதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயருக்கும் ஐந்து லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயருக்கும் பதினொன்று. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலே பத்து வந்திருக்கும். சாதா வயருக்கும் விலை உயர்ந்த வயருக்கும் ஒன்பதுதான். அந்த ஒன்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கடை திறந்து முக்கால் மணி நேரத்தில் அதே வயரில் ஒன்றை விற்றேன்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகுதான் கலியபெருமாள் விஷயத்தில் நான் அப்படி நடந்துகொண்டேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கலியபெருமாளுக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். இவர் படித்துத் தபால் இலாகாவில் சேர்ந்து, ஓய்வு பெற்ற பின் ஊரிலேயே வீடு கட்டி, அதில் ஓர் அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கியிருந்தார். நாகஸ்வரம் என்றால் உயிர். பழைய இசைத்தட்டுகள் நூற்று நாற்பத்து மூன்று வைத்திருந்தார். நான் எண்ணிப் பார்த்தேன். மனைவி மல்லிகா அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் தடவை கடைக்கு வந்தபோது, என்ன மாதிரி சத்தம் வேண்டும் என்று கேட்டேன். எல்லோரையும் கேட்பதுதான். பாஸ் வேண்டும் என்பார்கள், அதிர வேண்டும் என்பார்கள். இவர் சொன்னது வேறு.

"சின்ன வயசுல கல்யாணப் பந்தலுக்கு வெளியில நின்னுதான் சார் நாயனம் கேட்டிருக்கேன். உள்ள விடமாட்டாங்க. இப்ப என் வீட்டுல, எனக்கு எதிர்ல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கணும்."

இசைத்தட்டு சுழற்றும் கருவி, எழுபதாயிரத்து ஆம்ப்ளிஃபயர், அறுபதாயிரத்து ஸ்பீக்கர் ஆகியவற்றை விற்றேன். அதில் தப்பில்லை. அவர் கேட்டதற்கும் கொடுத்த பணத்துக்கும் அந்தச் சாமான்கள் தகும். இன்றைக்குக் கேட்டாலும் அவற்றைத்தான் எடுத்து வைப்பேன்.

சித்திரையில் மாட்டிவிட்டு வந்தேன். பத்தாவது நாள் போன் வந்தது. இரைச்சல் கேட்கிறதாம். போய்ப் பார்த்தேன். உண்மைதான். பாட்டு ஓடும்போது அவ்வளவாகத் தெரியவில்லை. வாசிப்பவர் மூச்சு விட்டு நிறுத்தும் இடங்களில் மட்டும், பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல ஒரு சத்தம். வயரை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன். கருவியைத் தள்ளி வைத்தேன். நாலு தடவை போயும் அது போகவில்லை.

கடை முதலாளி என்னைவிட வயதில் இளையவர். அப்பாவுக்குப் பின் கடைக்கு வந்தவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அண்ணே, கரண்டைச் சுத்தம் பண்ணுற பெட்டி ஒன்று வந்திருக்கிறதே, அதைக் கொடுத்துப் பாருங்களேன் என்றார். பவர் கண்டிஷனர். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். எனக்கும் வேறு வழி தோன்றவில்லை. சென்னையிலிருந்து பெட்டி வந்து சேர ஆனி கடைசி வாரம் ஆகிவிட்டது. அந்த வாரம்தான் மேட்டூர்த் தண்ணீர் அந்த ஊருக்கும் வந்து சேர்ந்திருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது, வாய்க்கால்களில் புதுத்தண்ணீர் குப்பையைத் தள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தது நினைவிருக்கிறது.

பெட்டியை மாட்டியபோது இரைச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. குறைந்ததா, குறைய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா என்று கூடத் தெரியவில்லை. நாலு நாள் கழித்துக் கலியபெருமாள் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"சுத்தமா நின்னுபோச்சு சார். பெட்டி செட்டாவ நாலு நாள் ஆவும் போலருக்கு?"

"ஆமாங்க. செட்டாக நாலு நாள் ஆகும்," என்றேன்.

அப்படி ஒன்று கிடையாது. அந்த நொடியில் வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது எனக்கே அது உண்மை போலத் தோன்றியது. கலியபெருமாள் பேச்சைக் கேட்டு அந்த ஊரிலும் பக்கத்து ஊரிலுமாக நாலு பேர் அதே பெட்டியை வாங்கினார்கள். முதலாளி எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருடம் பங்குனியில் இரைச்சல் திரும்பி வந்தது.

இந்தத் தடவை கலியபெருமாள் என்மேல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவராகவே படித்து, இணையத்தில் நாலு பேர் பேசுவதைக் கேட்டு, கோளாறு ஆம்ப்ளிஃபயரில்தான் என்று முடிவு கட்டியிருந்தார். மட்டமானதை வாங்கியது தன் தப்பு என்றார். ஐந்து லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். மாடியில் ஒரு வருடமாகத் தூசி படிந்து கிடந்ததே, நான் இருபதுக்குப் பதினொன்று எடுத்தேனே, அதேதான். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாதம் முழுக்க விற்காததை ஒரே பில்லில் ஈடுகட்டிவிடலாம்.

பணம் எப்படி என்று கேட்டேன். நிலம் கொஞ்சம் இருக்கிறது, விற்கிறோம், வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு, சனிக்கிழமை நீங்கள் சாமானைக் கொண்டுவரலாம் என்றார்.

திங்கட்கிழமை, எங்கே வைப்பது என்று அளவெடுக்கப் போனேன். அவர் எனக்காக இளநீர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மல்லிகா அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் பார்க்கும் பார்வை.

விற்கப்போவது இரண்டு மா நிலம், அதாவது ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு. அது அந்த அம்மாவின் பெயரில் இருந்தது. சம்பளத்தில் பிடித்துப் பிடித்து அவர் வாங்கியது. அவர் குடும்பத்திலும் சரி, கணவர் குடும்பத்திலும் சரி, தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் மண்ணில் நின்றவர்களில் முதன்முதலாகப் பட்டாவில் ஏறிய பெயர் அவருடையது. இவற்றை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று சொல்வது போலச் சொன்னார்.

"அவரு பாட்டுக் கேக்குறதே இல்லைங்க சார். தட்ட ஓட விட்டுட்டு, எப்ப நிக்கும்னு காத்துக்கிட்டு, அந்த இரைச்சலத்தான் கேக்குறாரு. ராவும் பகலும் அதே பேச்சு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நீங்க சொல்லுங்க. இந்த அஞ்சு லட்ச ரூவா மிஷினு வந்தா அது போவுமா? போவும்னு நீங்க சொல்லிட்டா நான் கையெழுத்துப் போட்டுடுறேன். மனுசன் நிம்மதியா இருந்தாச் சரி."

முப்பத்து மூன்று வருட அனுபவம் அப்போது எனக்கு. போகும் என்றும் சொல்ல முடியவில்லை, போகாது என்றும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவன் என்று நம்பி ஒரு பெண்மணி நிலத்தை என் நாக்கில் வைக்கிறார், எனக்குத் தெரியாது. நாளை மறுநாள் சொல்கிறேன் என்றேன். எழுந்து வரும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பெட்டியைத் துடைக்கும்போது கை சுர்ரென்கிறது, மழைக்காலத்தில் அப்படி இல்லை, இவரிடம் சொன்னால் நீ ஈரக் கையோடு தொட்டிருப்பாய் என்கிறார். சரிம்மா, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். காதில் வாங்கினேனே தவிர, மனதில் வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எனக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்கு, எந்தத் தேதியில், என்ன குறைக்காகப் போனேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். கடையில் இதைக் கிண்டல் செய்வார்கள். ஒன்பது வருட நோட்டு என் பையில் இருந்தது. மனது படபடப்பாக இருக்கும்போது எதையாவது எண்ணினால் எனக்குக் கொஞ்சம் அடங்கும். அதற்காகத்தான் எண்ண ஆரம்பித்தேன். இரைச்சல் என்று வந்த குறைகள் மொத்தம் இருபத்திரண்டு. அவற்றில் மூன்று தஞ்சாவூர் டவுனுக்குள். மீதி பத்தொன்பதும் வாய்க்கால் பாயும் ஊர்கள். அந்தப் பத்தொன்பதும் பங்குனிக்கும் ஆனிக்கும் நடுவில் வந்தவை. ஆடியிலிருந்து தை வரை, வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில், ஒன்றுகூட இல்லை.

மழைக்காலத்தில் கை சுர்ரென்பதில்லை என்று அந்த அம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

உங்களுக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும். எர்த். வீட்டுக்கு வெளியே குழி வெட்டி, குழாயை இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடியிருப்பார்களே, அந்தக் குழியின் மண்ணில் ஈரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். கோடையில் மண் காய்ந்து பிளந்தால், வெளியே போக வேண்டிய கரண்டு போக வழியில்லாமல் கருவியின் உடம்பிலேயே நிற்கும். தொட்டால் சுர்ரென்னும், ஸ்பீக்கரில் முனகும். தண்ணீர் வந்து மண் நனைந்ததும் எல்லாம் சரியாகிவிடும். போன வருடம் இரைச்சலை நிறுத்தியது காவேரி. பாராட்டு பெட்டிக்குப் போயிற்று, கைக்கடிகாரம் எனக்கு வந்தது.

பஸ் நீடாமங்கலம் தாண்டும்போது நோட்டை மூடினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட இல்லை. இது சரியென்றால், ஐந்து வீட்டில் ஐந்து பெட்டியை ஒன்றுக்கும் இல்லாமல் விற்றவன் நான்.

அதற்கு அடுத்து வந்த யோசனையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அது கெட்ட யோசனை மாதிரியே தெரியவில்லை. சனிக்கிழமை ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுபோகும்போது கூடவே ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துப்போய், பெரிய சாமானுக்குத் தனி எர்த் போட வேண்டும் என்று சொல்லி, ஆழமாக ஒரு குழி போட்டுவிட்டால் போதும். இரைச்சல் போய்விடும். கலியபெருமாளுக்கு நிம்மதி. முதலாளிக்கு விற்பனை. எனக்குப் பெயர். யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த அம்மா கேட்ட கேள்விக்குக்கூடப் பொய் சொன்னதாகாது. இந்த மிஷின் வந்தால் அது போகுமா? போகும்.

இரண்டு மா நிலம் மட்டும் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அந்த யோசனையோடுதான் இருந்தேன். ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டேனோ என்ற சந்தேகத்தில் பட்டையைப் பிரித்து எண்ணினேன். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எர்த்தையும் சரிபண்ணுங்க, ஆம்ப்ளிஃபயரையும் குடுங்க, வாங்குறேன்னு அவராத்தானே வர்றாரு என்றார். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. நான் கேட்கவில்லை என்பதால் பின்னால் பதினோரு மாதம் என்னைக் கீழ்த்தளத்தில் மிக்ஸி கிரைண்டர் பக்கம் நிறுத்தி வைத்தார். அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு உரிமை இல்லை. அந்த அம்மா நேரடியாக என்னைக் கேட்டிருக்காவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கலியபெருமாள் அறைக்குள் ஒரு தட்டை ஓடவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் வந்தது தெரியவில்லை. மல்லிகா அம்மாவிடம் எர்த் குழி எங்கே என்று கேட்டேன். கொல்லைப்பக்கம், வாய்க்கால் கரையை ஒட்டிக் காட்டினார். மேலே உடைந்த சிமென்ட் பலகை ஒன்று கிடந்தது. நகர்த்தினேன். உள்ளே மண் என் விரல் போகும் அளவுக்குப் பிளந்திருந்தது. வாய்க்காலில் ஆடுகள் படுத்திருந்தன.

பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் நாற்பத்தொரு வோல்ட் காட்டியது.

ஒரு குடம் தண்ணீர் வேண்டுமம்மா என்றேன். ஏன் என்று கேட்காமல் கொண்டுவந்தார். ஊற்றினேன். சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது. இரண்டாவது குடமும் போயிற்று. மூன்றாவதில் தண்ணீர் மேலே தேங்கி, குமிழி விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போகாவிட்டால் என்ன சொல்வது? போய்விட்டால் என்ன சொல்வது?

இருபது நிமிடம் இருக்கும். கலியபெருமாள் கொல்லைக் கதவுக்கு வந்து எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் ஆச்சரியப்பட்டவர் மாதிரி தெரியவில்லை. முகம் வேறு எங்கோ இருந்தது.

"தட்டு முடிஞ்சிடுச்சு, ஒரு சத்தமும் இல்ல. கரண்டு போயிடுச்சா?"

"கரண்டு இருக்குங்க," என்றார் மல்லிகா அம்மா.

நான் சொன்னேன். எர்த்தைப் பற்றி, மண்ணைப் பற்றி, நோட்டில் எண்ணியதைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பெட்டி?"

"அது எதுவும் செய்யலைங்க. அன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு."

"செட்டாவ நாலு நாள் ஆவும்னீங்களே."

"அது பொய்ங்க."

அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு வீட்டில் தானே போய்ச் சொல்லி வாங்க வைத்ததை மெதுவாக, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சொன்னார். அந்த ஊரில் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. அதிலும் நான் கை வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெட்டியின் விலையை நான் என் கையிலிருந்து தருகிறேன் என்றேன். அவர் அந்தப் பெயர்களையே மறுபடி சொன்னார்.

"புது மிஷினு வந்தா இதவிட நல்லாருக்குமா சார்?" என்று மல்லிகா அம்மா கேட்டார். மறுபடியும் அதே பார்வை.

இருபதுக்குப் பதினொன்று என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கே தெரியாது, வாங்காதீர்கள் என்றேன். அந்த வார்த்தையை ஒரு வாடிக்கையாளரிடம் அதுவரை நான் சொன்னதில்லை.

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "நாளன்னிக்கி ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போவ வேணாம்ல?"

கலியபெருமாள் எழுந்து உள்ளே போனார். சிறிது நேரத்தில் நாகஸ்வரம் கேட்டது. நாங்களும் அறை வாசல் வரை போனோம். ஒரு நீண்ட இழுப்பு முடிந்து வாசிப்பவர் நிறுத்தினார். அந்த இடைவெளியில் வழக்கமாக வரும் முனகல் இல்லை. அங்கே வேறு ஏதோ மெல்லிசாக இருந்தது. கலியபெருமாள் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மூச்சு இழுக்குறாரு. கேக்குது."

விலைக்குத் தகுந்த வித்தியாசம் உண்டா என்றால், ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய்க்கு அவர் வாங்கிய சாமானுக்குள் அந்த மூச்சு முதல் நாளிலிருந்தே இருந்தது. அதற்கு மேல் நாங்கள் கேட்ட ஒவ்வொரு ரூபாயும் மண் காய்ந்து கிடந்ததால் கேட்டது. இப்போது ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் தள்ளி வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும், கீழே ஒரு விரிப்பும் போட்டால் என்று நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க கெளம்புங்க சார்," என்றார் மல்லிகா அம்மா. "இங்க நின்னா இன்னும் எதாவது விப்பீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாசல் வரை கூடவே வந்தார். நான் செருப்பை மாட்டும்போது சிரிப்பு இல்லை.

"அந்த நாலு வீட்டுக்கும் எப்ப போறீங்க?"

"இன்னிக்கே போறேம்மா."

"அவரு போவக் கூடாது. நீங்கதான் போவணும்."

முதல் வீடு அதே தெருவில், ஏழு வீடு தள்ளி. டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டுபவர். தெருக்கோடி வரை கேட்கும்படி பாட்டு வைப்பவர், இரைச்சல் இருந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஏழு வீட்டையும் கடப்பதற்குள் என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து, மூன்றையும் விட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, ஃபேனுக்கு நேராக நாற்காலியைப் போட்டார்.

"வாங்க சார், வாங்க. நானே போன் போடலாம்னு இருந்தேன். அதவிடப் பெரிய பெட்டி ஒண்ணு வந்திருக்காமே? நமக்கும் ஒண்ணு சொல்லிடுங்க."

சட்டைப் பையில் போன் அடித்தது. கடை நம்பர். அது அடித்து ஓயும் வரை நின்றேன்.

"உங்க வீட்டு எர்த் குழி எங்கங்க இருக்கு?" என்று கேட்டேன்.